பேட்டரி டிரில்லால் டிரெய்லர் ஜாக்கை இறக்குவது எப்படி: டிராவல் டிரெய்லருக்குப் புதியவர்களுக்கு

காரின் பின்னால் இழுத்துச்சென்று தங்கும் வண்டியான டிராவல் டிரெய்லரை ஒரு இடத்தில் நிறுத்தியதும் நான்கு மூலை ஜாக்குகளையும் கைப்பிடியால் சுற்றி இறக்குவது இடுப்பை ஒடிக்கிற வேலை. ஈர மண்ணில் முழங்கால் ஊன்றி, பம்பருக்கு அடியில் எட்டி, ஒவ்வொரு மூலையிலும் முப்பது நாற்பது சுற்று. பேட்டரி டிரில் இருந்தால் ஒரு ஜாக்குக்கு அரை நிமிடம் போதும். ஆனால் ஜாக்கின் திருகை வளைப்பதற்கும், நட்டின் மூலைகளை மழுக்குவதற்கும், உங்கள் மணிக்கட்டைப் பிசகவைப்பதற்கும் அதே டிரில்லுக்கு ஒரு நொடி போதும்.

கைப்பிடியில் இருக்கும் உணர்வு டிரில்லில் இல்லை. கால் தரையைத் தொட்டதும் கைப்பிடி கனக்கும், உடனே தெரிந்துவிடும். டிரில் அந்தக் கனத்தைத் தானே விழுங்கிக்கொண்டு சுற்றிக்கொண்டே போகும். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே முறையில் போகிறது: தரை வரைக்கும் டிரில், அதற்குப் பிறகு கை.

1. இந்த ஜாக் எதற்கு என்று முதலில் தெளிவாகுங்கள்

மூலையில் இருப்பது ஸ்டெபிலைசர் ஜாக். உள்ளே நடக்கும்போது வண்டி ஆடாமல் தாங்கிப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. வண்டியைத் தூக்குவதோ, மட்டம் பார்ப்பதோ, டயர் மாற்றுவதோ அதன் வேலை இல்லை. வண்டியின் பாரம் டயர்களிலும், முன்பக்கம் காரோடு இணையும் நீட்டத்தில் இருக்கும் டங் ஜாக்கிலும்தான் நிற்க வேண்டும்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஜாக்கின் மேல் 5,000 பவுண்டு தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, தாழ்ந்திருக்கும் மூலையை அதை வைத்தே தூக்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்த எண், ஜாக் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் அந்த இடத்தில் எவ்வளவு முறுக்கலைத் தாங்கும் என்பதை அது சொல்லவில்லை. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் சேசிஸ் முறுக்கும். முதலில் கதவு சட்டத்தில் உரசும், அலமாரிக் கதவுகள் சரியாக மூடாது, அதற்கு மேல் போனால் ஜன்னல் ஓரத்து ஒட்டுப்பசை பிளந்து தண்ணீர் இறங்கும். கையால் சுற்றும்போது களைத்துப்போய் நிறுத்திவிடுவோம். டிரில் களைக்காது என்பதால் இந்த ஆபத்து டிரில்லில் அதிகம்.

2. உங்கள் ஜாக்கை அடையாளம் காணுங்கள்

குனிந்து பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்.

கத்தரி ஜாக்: வைர வடிவத்தில் நான்கு கரங்கள், நடுவில் குறுக்காக ஒரு நீளத் திருகு. திருகு சுற்றச் சுற்ற இரண்டு முனைகளும் நெருங்கிவர, கால் கீழே இறங்கும்.

மடக்குக்கால் ஜாக்: சேசிஸோடு படுத்திருக்கும் ஒற்றைக் கால், திருகு சுற்றும்போது சாய்ந்து கீழே இறங்கும். இது இன்னும் மெலிந்தது. இதைக் கத்தரி ஜாக்கைவிட மென்மையாகவே கையாள வேண்டும்.

இரண்டிலும் திருகின் முனையில் அறுகோண நட்டுத்தலை இருக்கும். மிகப் பரவலான அளவு 3/4 அங்குலம். மெட்ரிக்கில் அது 19.05 மில்லிமீட்டர். நட்டின் மேல் மாட்டும் குழலான சாக்கெட் 19 மில்லிமீட்டரிலும் பல சமயம் உட்காரும், ஆனால் பெயின்ட் தடித்திருந்தாலோ துரு ஏறியிருந்தாலோ இறுகிச் சிக்கிக்கொள்ளும். அங்குல அளவே வாங்குங்கள். வேறு அளவு நட்டு உள்ள ஜாக்குகளும் உண்டு, ஆகவே கடைக்குப் போகுமுன் நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்துவிடுங்கள். மூலைக்கு மூலை அளந்தால் தவறான எண் வரும்.

சில பழைய ஜாக்குகளில் நட்டு இருக்காது, கைப்பிடியின் முனையை நுழைக்க ஒரு பிளவோ துளையோ மட்டும் இருக்கும். அதற்குப் பொருந்தும் முனையைத் தனியாக வாங்க வேண்டும். கைப்பிடியை அறுத்து டிரில்லில் மாட்டுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பேட்டரி தீர்ந்தால் சுற்றுவதற்கு அந்தக் கைப்பிடி ஒன்றுதான் மிச்சம்.

மோட்டார் பொருத்திய மின் ஜாக் உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு அல்ல.

3. காகிதங்களை எடுத்துப் பாருங்கள்

மூன்று காகிதங்கள்: டிரெய்லரின் கையேடு, ஜாக்கின் கையேடு, டிரில்லின் கையேடு. ஜாக்கின் கையேட்டில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, மின்கருவியால் சுற்றலாமா, கையால் மட்டும்தானா என்பது. இரண்டு, இம்பாக்ட் கருவி, அதாவது அடித்து அடித்துச் சுற்றும் மின்கருவி, பற்றிய எச்சரிக்கை. கையால் மட்டும் என்று எழுதியிருந்தால், டிரில்லால் சுற்றிக் கெட்டுப்போன ஜாக்குக்கு உத்தரவாதம் கேட்டுப் போய் நிற்க முடியாது. உத்தரவாதக் காலம் முடியும்வரை கையாலேயே சுற்றுவது புத்திசாலித்தனம்.

ஜாக்கின் மேல் ஒட்டியிருக்கும் வில்லையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாடல் எண்ணும் தாங்குசுமையும் அதில்தான் இருக்கும். சேறும் கல்லும் பட்டு ஓரிரண்டு பருவத்தில் அது அழிந்துவிடும், பிறகு உதிரிபாகம் கேட்கப் போகும்போது சொல்வதற்கு எண் இருக்காது.

4. என்னென்ன வாங்க வேண்டும், எதில் செலவழிக்க வேண்டும்

டிரில். வீட்டில் இருப்பது 18 வோல்ட் என்றால் புதிதாக எதுவும் வேண்டாம். 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதும் அதே இனம்தான்: உள்ளே ஐந்து செல், முழு சார்ஜில் 20, சராசரியாக 18. 12 வோல்ட் டிரில் நல்ல மசகு போட்ட ஜாக்கைச் சுமையில்லாமல் இறக்கி ஏற்றும், துருப்பிடித்ததில் திணறும். வோல்ட்டைவிட முக்கியமானவை இரண்டு: மேலே 1, 2 என்று வேகம் மாற்றும் பொத்தானும், முறுக்கு அளவை மீறினால் நழுவவிடும், முன்பக்கம் எண்கள் போட்ட கிளட்ச் வளையமும். இவை இரண்டும் இல்லாத டிரில்லை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

இம்பாக்ட் டிரைவர் வேண்டாம். பலரும் அதைத்தான் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள், வேலையும் சட்டென்று முடிகிறது. ஆனால் இறுக்கம் வந்ததும் அது நட்டைச் சீராகச் சுற்றுவதில்லை, நொடிக்குப் பல முறை அடித்து அடித்து நகர்த்துகிறது. பெரும்பாலான இம்பாக்ட் டிரைவர்களில் கிளட்ச் வளையம் கிடையாது. ஜாக்கின் முனைத் தலையைத் திருகோடு பிணைத்திருக்கும் ஊசி அல்லது வெல்டிங் அந்த அடியை வாங்கித் தளரும். போதாக்குறைக்கு, அடுத்த வண்டியில் தூங்குகிறவர்களை எழுப்பும் சத்தம்.

சாக்கெட். 6 மூலை உள்ள ஆழமான சாக்கெட். 12 மூலை சாக்கெட் நட்டின் முனைகளில் மட்டும் பிடிக்கும், சற்று சாய்ந்தால் மூலையை மழுக்கிவிடும். ஆழமான சாக்கெட் நட்டின் மேல் முழுவதுமாக உட்காரும், நழுவாது.

அடாப்டர். டிரில்லையும் சாக்கெட்டையும் இணைக்கும் துண்டு. செலவைக் குறைக்கக் கூடாத ஒரே இடம் இதுதான். கடையில் எளிதாகக் கிடைப்பது 1/4 அங்குல அறுகோணத் தண்டு உள்ளது. ஒரு முனையில் அந்தச் சின்னத் தண்டு, மறுமுனையில் 1/2 அங்குலச் சதுரம் என்றால், முறுக்கு முழுவதும் மெலிந்த கழுத்தில் போய் விழும், அங்கேதான் முறியும். 3/8 அங்குலச் சதுரம் உள்ள, உறுதியான எஃகு அடாப்டரை எடுங்கள், இரண்டு வாங்கி ஒன்றைப் பெட்டியில் போட்டு வையுங்கள். இன்னும் நல்லது, டிரில்லின் முன்வாயான சக் நேரடியாகப் பிடிக்கும் தடித்த தண்டோடு ஒரே துண்டாக வரும் ஜாக் சாக்கெட். முகாம் வண்டிச் சாமான் விற்கும் கடைகளில் இதற்கென்றே கிடைக்கும்.

நீட்டிப்புத் தண்டு. நட்டு பம்பருக்கு உள்ளே தள்ளி இருந்தால் 10 முதல் 12 அங்குல நீட்டிப்பு உதவும். அதைவிட நீளமானால் முனை தள்ளாடும். சாக்கெட்டை நீட்டிப்பிலிருந்து கழன்றுபோகாமல் பூட்டிவைக்கும் பொத்தான் உள்ளதை எடுத்தால், சாக்கெட் நட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க டிரில் மட்டும் கையோடு வரும் தொல்லை இருக்காது.

இவற்றோடு ரசமட்டம் ஒன்று, முட்டுக்கட்டை இரண்டு ஜோடி, ஜாக்குக்கு அடியில் வைக்கப் பலகைகள், தலையில் கட்டும் விளக்கு, கண் கண்ணாடி. சாக்கெட், அடாப்டர், நீட்டிப்பு மூன்றையும் சேர்த்தாலும் ஒரு புதிய ஜாக்கின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஜாக் வளைந்தால் அதன் விலையோடு பொருத்துகூலியும் சேரும், சேசிஸில் போல்ட் துளை பிய்ந்திருந்தால் வெல்டிங் செலவும் சேரும்.

5. பலகையின் உயரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

இதை அவசரமாகக் கடந்துபோகிறவர்கள் அதிகம். டிரில் திணறுவதற்கும் ஜாக் வளைவதற்கும் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

கத்தரி ஜாக் தட்டையாக மடங்கியிருக்கும்போது திருகு ஒரு சுற்று சுற்றினாலே கால் நிறைய இறங்கும். அந்த நிலையில் சுமை ஏறினால் திருகைச் சுற்ற மிகுந்த முறுக்குவிசை வேண்டும். கரங்கள் நிமிர நிமிர இது தலைகீழாகும்: ஒரு சுற்றுக்குக் கால் கொஞ்சம்தான் இறங்கும், ஆனால் அதே முறுக்குவிசைக்குத் தூக்கும் பலம் பெருகும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. பலகைகளை அளவுக்கு மேல் அடுக்கிவிட்டால், ஜாக் இன்னும் தட்டையாக இருக்கும்போதே பலகையைத் தொட்டுவிடும். அங்கே கொஞ்சம் இறுக்கவே டிரில் முக்கித் திணறி நிற்கும், திருகிலும் அதிகச் சுமை விழும். பலகையே வைக்காமல் விட்டால் ஜாக் முழுதாக நிமிர்ந்து போய்த் தரையைத் தொடும். அங்கே நின்றால் ஆட்டம் கூடும், டிரில்லோ உங்களுக்குத் தெரியாமலேயே வண்டியைத் தூக்கத் தொடங்கிவிடும், ஏனென்றால் அந்த நிலையில் தூக்குவது அதற்குச் சுலபம்.

ஆகவே கால் பாதித் தூரம் இறங்கும்போது பலகையைத் தொடுகிற மாதிரி அடுக்குங்கள். பலகை ஜாக்கின் பாதத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு கையளவு அகலமாக இருக்கட்டும். ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள மரப்பலகை போதும். மணலிலும் நனைந்த புல்லிலும் இரண்டு பலகைகளைக் குறுக்கு நெடுக்காக வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம். ஓரத்தில் சுமை விழுந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

6. ஜாக்குக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள், இதே வரிசையில்

(அ) இழுவண்டியோடு, அதாவது டிரெய்லரை இழுக்கும் காரோடு, இணைந்திருக்கும்போதே இடவலமாக ரசமட்டம் பார்த்து, தாழ்ந்த பக்க டயருக்கு அடியில் பலகை கொடுத்து ஏற்றுங்கள்.

(ஆ) இருபுறமும் டயருக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை இறுக்கமாக வையுங்கள்.

(இ) இழுவண்டியைக் கழற்றுங்கள்.

(ஈ) டங் ஜாக்கை ஏற்றியோ இறக்கியோ முன்பின் மட்டம் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மூலை ஜாக். இந்த வரிசையை மாற்றி, இழுவண்டி கழலுமுன்பே மூலை ஜாக்கை இறக்கிவிட்டால், டங் ஜாக்கை அசைக்கும் ஒவ்வொரு அங்குலமும் அந்த மெலிந்த கால்களில் போய் விழும். ஜாக்குகள் வளைவதற்கு இது பெரிய காரணம்.

பக்கவாட்டில் நீளும் அறை உள்ள வண்டியில், அதை நீட்டுவது ஜாக்குக்கு முன்பா பின்பா என்பதை டிரெய்லர் கையேட்டில் பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறும். எதுவானாலும், அறையை நீட்டியபின் பாரம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும், மறுபடி ரசமட்டம் பாருங்கள்.

7. டிரில்லைத் தயார் செய்யுங்கள்

வேகப் பொத்தான் 1-இல் இருக்கட்டும். பெரும்பாலான டிரில்களில் இதன் உச்சம் நிமிடத்துக்கு 400 முதல் 500 சுற்று. 2-இல் வைத்தால் வேகம் மூன்று நான்கு மடங்காகும், பலம் குறையும், இந்த வேலைக்கு இரண்டுமே பாதகம்.

கிளட்ச் வளையத்தை மொத்த எண்ணில் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். 20 வரை எண் இருந்தால் 6 அல்லது 7. சுமையில்லாத ஜாக்கே நகராமல் கிளட்ச் கடகடத்தால் ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். டிரில் படம் போட்ட நிலை கிளட்சைப் பூட்டிவிடும், அங்கே வைக்காதீர்கள். கிளட்ச் கடகடவென்று நழுவும் சத்தம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. ஆனால் மேலே சொன்ன கரக்கோணக் கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது: தட்டையான ஜாக்கில் சரியாக நழுவிய அதே எண், நன்றாக நிமிர்ந்த ஜாக்கில் நழுவுமுன்பே வண்டியைத் தூக்கிவிடும். கிளட்சை மட்டும் நம்பிக் கண்ணை எடுக்காதீர்கள்.

அடாப்டரை சக்கின் அடிவரை நுழைத்து, பிறகு ஒரு நூல் அளவு மட்டும் வெளியே இழுத்து, சக்கைக் கையால் இறுக்குங்கள். மூன்று தாடைகளும் தண்டின் தட்டைப் பக்கங்களில் பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். மூலையில் பிடித்திருந்தால் சுமையில் வழுக்கும்.

8. இறக்குங்கள்

முதல் தடவை டிரில்லைத் தொடவே வேண்டாம். ஒரு ஜாக்கைக் கைப்பிடியால் முழுதாக இறக்கி ஏற்றிப் பாருங்கள். எத்தனை சுற்று என்று எண்ணுங்கள், எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று கை உணரட்டும். நாற்பது சுற்று என்றால், டிரில்லின் விசையை லேசாக அழுத்தி நிமிடத்துக்கு 120 சுற்றில் விட்டால் இருபது நொடி. நான்கு ஜாக்குக்கும் பலகை வைப்பது உட்படப் பத்து நிமிடம் ஒதுக்கினால் நிதானமாகச் செய்யலாம்.

பின்பக்க இரண்டிலிருந்து தொடங்குங்கள். முன்னே டங் ஜாக் தாங்கிக்கொண்டிருக்கிறது, பின்பக்கம்தான் தாங்கலின்றித் தொங்குகிறது. ஒற்றை அச்சு வண்டியில் பின்ஜாக் இல்லாமல் இரண்டு மூன்று பேர் பின்கட்டிலுக்குப் போனால் முன்மூக்கு தூக்கிவிடும்.

ஜாக்குக்கு நேராக, வண்டிக்கு வெளியே மண்டியிடுங்கள். தலையும் தோளும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம். தொளதொளக் கையுறை, தொங்கும் சட்டைக்கை, கழுத்துத்துண்டு எதுவும் சுற்றும் தண்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. சாக்கெட்டை நட்டின் மேல் கையால் முழுக்கத் தள்ளி உட்காரவையுங்கள். டிரில், நீட்டிப்பு, திருகு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும்.

விசையை ஒரு கணம் தட்டி விடுங்கள். கால் இறங்குகிறதா, ஏறுகிறதா? கத்தரி ஜாக் பெரும்பாலும் வலஞ்சுழியாகச் சுற்றினால் இறங்கும், ஆனால் எல்லா ஜாக்கும் அப்படியல்ல. மூடிய ஜாக்கைத் தவறான திசையில் சுற்றினால் திருகு கடைசியில் போய் முட்டிச் சிக்கிக்கொள்ளும்.

டிரில்லை இரண்டு கையாலும் பிடியுங்கள். துணைக் கைப்பிடி இருந்தால் கட்டாயம் மாட்டுங்கள். காரணம்: நட்டு திடீரென்று நின்றால் அந்த முறுக்கு முழுவதும் டிரில்லின் உடலுக்குத் திரும்பி வரும். வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பிடி உங்கள் வலப்பக்கம் எகிறும், ஏற்றும்போது இடப்பக்கம் எகிறும். அந்தப் பக்கத்தில் பம்பரோ, குழாயோ இருந்தால் விரல் நடுவே மாட்டாதபடி நில்லுங்கள்.

இனி மெதுவாக இறக்குங்கள். பாதத்துக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வந்ததும் நிறுத்துங்கள். பலகை பாதத்துக்கு நேர் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து நகர்த்துங்கள். கையால் அல்ல, ஒரு குச்சியாலோ கைப்பிடியாலோ. பிறகு விசையை மயிரிழை அழுத்தி, பாதம் பலகையில் படும் வரை மட்டும் விடுங்கள். பட்டதும் டிரில்லை எடுத்துவிடுங்கள்.

நான்கு மூலைகளையும் இப்படித் தொட்டபின், கைப்பிடியை எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று போங்கள். ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, மிஞ்சினால் ஒரு சுற்று இறுக்குங்கள். இறுக்கும்போது ஒருவர் உள்ளே ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது. குமிழ் அசைந்தால் நீங்கள் தூக்கத் தொடங்கிவிட்டீர்கள், கால் சுற்று தளர்த்துங்கள். கடைசியாகக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு போலவே பொருந்தினால் சேசிஸ் முறுக்கவில்லை.

மண்தரை என்றால் மறுநாள் காலை மறுபடி பாருங்கள். பலகை இரவில் சற்று அமிழ்ந்திருக்கும், ஒரு மூலை லேசாகத் தொங்கும். கைப்பிடியால் அரைச் சுற்று.

9. வழக்கமாக வரும் சிக்கல்கள்

சாக்கெட் நழுவுகிறது. பெரும்பாலும் டிரில் சாய்ந்திருக்கும். நட்டு ஒதுக்கமான இடத்தில் இருந்து நேராகப் பிடிக்க வழியே இல்லையென்றால் வளையும் இணைப்பு, அதாவது யுனிவர்சல் ஜாயின்ட், ஒன்று போடலாம். கோணம் குறைவாக இருக்கும்வரைதான் அது உதவும். கோணம் கூடினால் சுற்று விட்டுவிட்டு வரும், சாக்கெட் தானே நட்டைவிட்டு நகர்ந்து வந்துவிடும். ஒவ்வொரு முறையும் நட்டைத் தேடித் துழாவ வேண்டியிருக்கிறது என்றால், சாக்கெட்டைவிடச் சற்று அகலமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை நட்டுக்கு நேராகச் சேசிஸில் கவ்வியால் பொருத்திவிடுங்கள். நீட்டிப்பு அதற்குள் போய் நேராக நட்டில் உட்காரும். இருட்டில் இதன் அருமை தெரியும்.

ஏற்றும்போது அடாப்டர் நட்டோடு நின்றுவிடுகிறது, டிரில் கையோடு வருகிறது. கையால் இறுக்கும் சக் பின்சுற்றில் சுமை வந்தால் தளரக்கூடும். ஏற்றத் தொடங்குமுன் சக்கை மறுபடி இறுக்குங்கள், இரண்டு ஜாக்குக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

டிரில் நின்றுவிடுகிறது. விசையை உடனே விடுங்கள். நின்ற மோட்டாரில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் சூடேறிக் கருகும், வாசனை வருவதற்குள் சேதம் ஆகியிருக்கும். கிளட்ச் எண்ணை ஏற்றி முட்டிமோதிப் பார்ப்பதற்குப் பதிலாகக் கைப்பிடியை மாட்டிக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்: காய்ந்த திருகா, மரையில் சிக்கிய கல்லா, வளைந்த திருகா, கால் ஏற்கெனவே தரையில் இருக்கிறதா.

சுற்றும்போது திருகு விம்மி விம்மி ஆடுகிறது. திருகு வளைந்திருக்கிறது. டிரில்லின் வேகத்தில் அந்த வளைவு இன்னும் பெருகும். கையால் ஏற்றிவிட்டு, ஜாக்கை மாற்றும்வரை அதை இறக்காதீர்கள்.

குளிரில் பேட்டரி சோர்கிறது. பேட்டரியை உள்ளே சூட்டில் வைத்திருந்து கடைசி நேரத்தில் மாட்டுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் போடக் கூடாது. சார்ஜருக்கு வீட்டு மின்சாரம் வேண்டும், மின்இணைப்பு இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் முந்தைய இரவே நிரப்பிவிடுங்கள். மசகு நன்றாக இருந்தால் 2 ஆம்பியர்-மணி பேட்டரியே நான்கு ஜாக்கையும் இறக்கி ஏற்றத் தாராளம்.

இன்னொரு ஆசையும் வரும். மின்சார டங் ஜாக்கிலும், நீளும் அறையிலும் கையால் சுற்ற ஒரு அவசரத் தலை இருக்கும், பல சமயம் இதே சாக்கெட் அதிலும் உட்காரும். டிரில்லை அங்கே கொண்டுபோகாதீர்கள். அதன் பின்னால் இருப்பது பல்சக்கரப் பெட்டி, ஒரு பல் உடைந்தால் பயணமே அங்கே நின்றுவிடும். கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் மட்டும்.

10. கிளம்பும்போது

இறக்கிய வரிசைக்கு நேர் எதிர். இழுவண்டியை இணைக்குமுன், டங் ஜாக்கைத் தொடுமுன், மூலை ஜாக் நான்கையும் ஏற்றுங்கள். முதல் ஒன்றிரண்டு சுற்றைக் கைப்பிடியால் தளர்த்திவிட்டு டிரில்லை மாட்டினால் சாக்கெட்டுக்கும் நட்டுக்கும் நல்லது. ஏற்றத்தின் கடைசி ஒரு அங்குலம் வரும்போது வேகத்தைக் குறைத்து நிறுத்தி, முடிவைக் கையால் செய்யுங்கள். முழு வேகத்தில் மேலே போய் மோதினால் திருகு அங்கேயே சிக்கும், அடுத்த இடத்தில் இறக்கும்போது டிரில்லால் அசைக்க முடியாது. அதற்காகத் தளர்வாகவும் விடக் கூடாது, சாலை அதிர்வில் கால் தானே இறங்கும்.

பாதத்தில் பலகை ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள், ஈரமண்ணில் அப்படி வரும். நான்கையும் ஏற்றியபின் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, குனிந்து, ஒவ்வொரு பாதத்தையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான்கில் மூன்றை ஏற்றிவிட்டு, நடுவே யாரோ கூப்பிட்டுப் போய், நாலாவதை மறந்து ஓட்டிவிடுவது டிரில்லோடு அடிக்கடி நடக்கிறது, வேலை அவ்வளவு வேகமாக முடிந்துவிடுவதால்.

முகாம்களில் அமைதி நேரம் என்று அறிவித்திருப்பார்கள். விடியற்காலையில் கிளம்புகிறீர்கள் என்றால் கைப்பிடிதான் அயலாருக்கு மரியாதை.

11. பராமரிப்பு

பருவத்துக்கு இருமுறை, உப்பு தூவிய சாலையிலோ கடலோரத்திலோ ஓட்டினால் திரும்பி வந்தவுடன், ஜாக்கை முழுதாக இறக்குங்கள். கீழே பலகை வேண்டாம், சுமையில்லாமல். திருகைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மண்ணை எடுங்கள். டெஃப்ளான் கலந்த உலர் மசகை மரை முழுவதும் தெளித்து, காயவிடுங்கள். கையேடு வேறு மசகு சொன்னால் அதையே போடுங்கள். திறந்த திருகில் கெட்டி கிரீஸ் அப்புவது பழைய பழக்கம், ஆனால் சாலைத் தூசியும் மணலும் அதில் ஒட்டி மரையைத் தேய்க்கும். நட்டுத்தலைக்குப் பின்னால் உரசும் வாஷரில் மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், கரங்கள் சேரும் ஆணிகளிலும் ஒவ்வொரு சொட்டு.

ஜாக்கைச் சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட்களை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். அவற்றைச் சுற்றி பெயின்ட் பிளந்து, துருக்கோடு வழிந்திருந்தால் ஜாக் அசைகிறது என்று பொருள். நட்டுத்தலையின் ஆறு மூலைகளும் கூர்மையாக இருக்கின்றனவா, சாக்கெட்டின் உள்வாய் விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் தேய்ந்தது சாக்கெட் என்றால் அன்றே மாற்றிவிடுங்கள், அது நட்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

எல்லாம் முடிந்ததும் டிரில்லின் முதல் வேகத்தில் இரண்டு முறை முழுதாக இறக்கி ஏற்றினால் மசகு மரை முழுவதும் பரவும். வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் செல்லுங்கள், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள். கைப்பிடி மட்டும் எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும்.